காரோடையைக் கட்டிய வெள்ளிக்கிழமை

கீழக்கரட்டுக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாவிட்டாலும் வந்தவர் முன்னால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரு வீட்டில் பால் வாங்கிக் காபி போட்டு, இன்னொரு வீட்டில் நாற்காலி வாங்கி உட்கார வைத்து, வந்தவர் தலை மறைந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் அரசாங்கத்தின் முன்னால் நின்று, "நாங்கள் பின்தங்கியவர்கள், எங்களைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்" என்று நிரூபிக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? தவசியைக் கேட்டால் தெரியும். அவர் சொல்ல வெட்கப்படுவார் என்பதால் நாமே சொல்லிவிடலாம்.

சிலமலையைத் தாண்டி மலையைப் பார்த்து ஒரு மண்பாதை போகிறது. அது போய் முட்டும் இடத்தில் காரோடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கீழக்கரடு. வீடுகள் நாற்பதுக்குள் அடங்கும். பாதிப் பேர் ஓடையை ஒட்டிச் சோளமும் மொச்சையும் போடுகிறவர்கள். மீதிப் பேர் விடிவதற்குள் ஓடையைத் தாண்டி, ரோட்டுக்கரையில் உறுமிக்கொண்டு நிற்கும் ஜீப்பில் அடைந்து, போடிமெட்டு வழியாக ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஜீப்பு ஓடையைத் தாண்டி ஊர்க்கரைக்கு வராது. ஓடைக்குள் கிடக்கும் உருண்டைக் கல்லில் சக்கரம் நிற்காது. கல்யாணச் சாமானிலிருந்து காஸ் சிலிண்டர் வரைக்கும் எல்லாம் தலையிலோ தோளிலோதான் வந்தாக வேண்டும்.

தவசிக்கு அறுபதை ஒட்டிய வயது. அவருடைய மனைவி சுருளியம்மாள் இருபது வருடத்துக்கு மேல் ஏலக்காட்டில் காய் எடுத்தவள். கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் கால் வீங்கியது, முகம் வீங்கியது. தேனி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்றார்கள். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

இந்த இடத்தில் தவசியின் மனசைச் சொல்லியாக வேண்டும். அந்த மெஷினுக்கு அவர் ஒரு பைசா கொடுத்ததில்லை. அரசாங்கக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் போதும், மெத்தையில் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, நாலு மணி நேரம் கழித்து மனுஷியாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். முதல் நாள் அந்த மெஷினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் தவசி. "ஐயா, நீங்க கும்பிடுறது ஏசி பெட்டிய. மெஷினு இந்தப் பக்கம் இருக்கு" என்று நர்ஸ் சொன்னாள். அவர் திரும்பி நின்று மறுபடியும் கும்பிட்டார். ஏசி பெட்டிக்குப் போட்ட கும்பிடையும் அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

எல்லாம் இருந்தது. ஓடைதான் குறுக்கே கிடந்தது. கணுக்கால் தண்ணீர் போகும்போது சுருளியம்மாளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு தாண்டுவார்கள். முழங்கால் தண்ணீரில் நாலு பேர். ஐப்பசியில் மலையில் மழை பிடித்துவிட்டால் எத்தனை பேர் இருந்தாலும் நடக்காது. போன ஐப்பசியில் அப்படித்தான் ஒரு வெள்ளி தப்பி, அடுத்த செவ்வாயும் தப்பியது. அவளுக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே கிடந்தாள். தண்ணீர் வடிந்து கொண்டுபோய்ச் சேர்த்தபோது டாக்டர் தவசியைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி விட்டீங்கன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அந்தச் சொல் தவசியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஐப்பசியை நினைத்தாலே சோறு இறங்காது.

இப்படி இருக்கையில்தான் பின்தங்கிய வட்டாரங்களுக்கென்று அரசாங்கம் ஒரு நிதி ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு சின்ன ஊரும் தனக்கு முதலில் வேண்டியது எது என்று ஒன்றைச் சொல்லலாம். வார்டு மெம்பர் ராமுத்தாய் ஊரைக் கூட்டினாள். அவளும் ஏலக்காட்டு ஜீப்பில் போய் வருகிறவள்தான். மெம்பர் வேலை ஞாயிற்றுக்கிழமை மட்டும். கூட்டத்தில் முதலில் எழுந்தது பணத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

"நம்மளப் பின்தங்குனவுகன்னு எழுதிட்டாங்களாமே. எவன் எழுதுனது?" என்று ஒருவர் சண்டைக்குக் கிளம்பினார்.

"எழுதட்டும்ணே. முன்னால போயி நின்னா என்ன குடுக்குறாங்க?" என்றாள் ராமுத்தாய்.

அப்புறம் ஆசைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சமுதாயக் கூடம் என்றார்கள். கதிரடிக்கக் களம் என்றார்கள். இளவட்டங்கள் உடற்பயிற்சிக் கூடம் கேட்டார்கள். நாள் முழுக்கக் கல்லும் மண்ணும் சுமக்கிறவனுக்கு எதற்கு அது என்று பெரியவர்கள் சிரித்தார்கள். தவசி ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாலம் வேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என் பெண்டாட்டிக்காக ஊர் தன் ஆசையை விட வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? அப்போது காய் எடுக்கப் போகும் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பாலத்தப் போடுங்க. சுருளியக்கா எங்க செட்டு. அந்தக்காவ நாற்காலியில தூக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு எங்களால மலை ஏற முடியல." அதற்குப் பிறகு யாரும் கூடத்தையும் களத்தையும் பற்றிப் பேசவில்லை. தவசி துண்டை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதார். நன்றி மிஞ்சிப் போனால் மனிதன் ஏதாவது செய்யாமல் இருக்க மாட்டான். இவரும் செய்தார்.

புரட்டாசி பிறந்து இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை யூனியன் ஆபீசிலிருந்து பொறியாளர் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று ராமுத்தாய்க்குப் போன் வந்தது. அவள் தவசியிடம் சொல்லும்போது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டாள்.

"வர்றது பொம்பளப் புள்ளண்ணே. வித்யான்னு பேரு. ஆறு மாசம் முழுகாம இருக்காகளாம்."

அந்த வாரம் மேலே மழை பெய்து ஓடையில் முழங்காலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ராமுத்தாய்க்கு அதில் சந்தோஷம். "தண்ணி ஓடுறது நல்லதாப் போச்சு. கண்ணால பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, தன் சோலியைப் பார்க்கப் போனாள். தவசிக்கு அந்த ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. மாசமாக இருக்கிற பிள்ளை, நமக்காக வருகிற பிள்ளை, அதை வழுக்குக் கல்லில் இறக்கி நடக்க விடுவதா?

கீழக்கரட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை ஊருக்குள் வரும்போதும், ஊரிலிருந்து பாடை கிளம்பும்போதும் ஓடையைக் கட்டுவார்கள். சுடுகாடு ரோட்டுக்கரையில் இருக்கிறது. மேலே கண்மாய் வாய்க்கால் பிரியும் இடத்தில் கல்லும் மணல் மூட்டையும் தென்னோலையும் போட்டு அடைத்து, ஓடைத் தண்ணீர் முழுவதையும் வாய்க்காலில் தள்ளிவிட்டால் கீழே மணல் தெரியும். மாப்பிள்ளைக் கால் நனையாமல் வர வேண்டும். பாடை தூக்குகிறவன் கால் இடறாமல் போக வேண்டும். அரைநாளுக்கு மேல் வைத்திருந்தால் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பயிரை அழித்துவிடும். அதனால் காரியம் முடிந்ததும் அடைப்பைப் பிரித்துவிடுவார்கள். வெள்ள நாளில் இந்தக் கைவேலை எல்லாம் பலிக்காது. அந்த மாதங்களில் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். சாவைத் தள்ளி வைக்கத்தான் வழி தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தவசி வீடு வீடாகப் போனார். மாப்பிள்ளைக்குக் கட்டுகிறோம், இந்தப் பிள்ளைக்குக் கட்டக் கூடாதா என்று கேட்டார். கீழக்கரட்டில் இப்படிக் கேட்டால் இல்லையென்று சொல்ல ஆள் கிடையாது. ஊரில் இருந்த ஆண்கள் எல்லாரும் மறுநாள் ஜீப்பில் ஏறவில்லை. கூலியை விட்டுவிட்டு, வெளிச்சம் வரும் நேரத்தில் தண்ணீரில் இறங்கிக் கல் தூக்கினார்கள். ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் காரோடை நடுவில் வெள்ளை மணல் தெரிந்தது. தவசி அதோடு விடவில்லை. மணலில் நீட்டிக்கொண்டிருந்த கல்லையெல்லாம் ஓரமாகத் தள்ளி, அவளுக்கென்று ஒரு நடைபாதையே போட்டுவிட்டார்.

மெம்பர் என்ற முறையில் அன்று வேலைக்குப் போகாமல் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஓடைக்கு வந்த ராமுத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக? தண்ணி இருக்குன்னு காட்டத்தான அவுகளக் கூப்பிட்டது?"

"வாயால சொன்னா நம்ப மாட்டாகளா ஆத்தா? புள்ளத்தாச்சிய எப்படித் தண்ணியில எறக்குறது? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நமக்கு அந்தப் பாலம் எதுக்கு?"

ராமுத்தாய் பதில் சொல்வதற்குள் ரோட்டுக்கரையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆபீஸ் வண்டி ஒன்றும் அதன் பின்னால் அருள்பாண்டியின் ஜீப்பும். அருள்பாண்டி ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றும் டிரைவர். செவ்வாயும் வெள்ளியும் ஆட்களை மேலே இறக்கிவிட்டுத் திரும்பி வந்து சுருளியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவன்தான். பாதி நாள் மலையாளத்துக்காரர்களோடு கழிப்பதால் அவன் தமிழில் அந்த வாடை அடிக்கும்.

வித்யா இறங்கினாள். சிவகாசிப் பக்கத்துப் பெண். வயிறு நன்றாகத் தெரிந்தது. மணலில் தவசி போட்ட பாதையில் நடந்து, ஒரு கல்லும் இடறாமல் ஊர்க்கரைக்கு வந்து சேர்ந்தாள். அவளைப் பார்த்ததும் தவசிக்கு, செய்தது சரிதான் என்று தோன்றியது. ஊருக்குள் அவளுக்காக வெள்ளையடித்த சுவர், ஓசியில் வாங்கிய நாற்காலி, ஓசியில் வாங்கிய மேசை விசிறி, ஏலக்காய் தட்டிப் போட்ட டீ, சுடச்சுட வடை எல்லாம் தயாராக இருந்தன. அவள் மூன்று வடை சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு நல்லா இருக்குற ஊர பின்தங்கின ஊருன்னு நான் எப்படி எழுதுறது?" என்றாள். எல்லாரும் பெருமையாகச் சிரித்தார்கள். ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு வித்யா ஓடைக்கரைக்கு வந்து போனை எடுத்தாள். இடத்தைப் பார்த்ததற்குச் சாட்சியாக அந்தப் போனில் ஒரு செயலி. அதில் எடுக்கும் படத்தில் நாளும் நேரமும் இடமும் தானாக விழும். ஓடையைப் பார்த்து ஒரு படம் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். ஓடையைப் பார்த்தாள்.

"தண்ணி இல்லையே. மழைக்காலத்துல மட்டுந்தான் வருமா?"

"வரும்மா. இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்று ராமுத்தாய் நடந்ததைச் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். மேடத்துக்காகக் கட்டினது என்றும், தவசிதான் கட்டச் சொன்னார் என்றும், ஏன் என்றும் சொன்னாள். வித்யாவின் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, அப்புறம் வேறு என்னவோ வந்தது. அவள் தவசியைப் பார்த்து, "ஐயா" என்றாள்.

"உங்க மனசு எனக்குப் புரியுதுங்கய்யா. ஆனா மேல இருக்குறவங்க படத்தத்தான் பாப்பாங்க. காஞ்ச மணலுக்குப் பாலம் எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க கட்டுனதுன்னு நான் எழுதினா, ஆளுங்களே கட்டித் திருப்பிக்கக்கூடிய தண்ணிக்குப் பாலம் எதுக்குன்னு கேப்பாங்க. இன்னிக்குச் சாயங்காலத்தோட இதப் பதிவு பண்றது முடியுது."

போன வருட வெள்ளத்தை யாரோ எடுத்த வீடியோ இருப்பதாகச் சொன்னார்கள். அதையும் சேர்க்கலாம், ஆனால் இன்று எடுத்த படம்தான் முதலில் நிற்கும் என்றாள் அவள். தவசி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் தன் ஆசையை விட்டுக் கொடுத்த பாலம். ஊர் கூலியை விட்டுக் கல் தூக்கியது. இரண்டையும் சேர்த்து இந்தக் கையால் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தார். ஐப்பசிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

அந்த நேரத்தில் சுருளியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து வந்தாள். அன்று அவளுக்கு மெஷின் நாள். எதிர்க்கரையில் அருள்பாண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஓடையில் மணல் தெரிவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியைக் கொண்டுவந்தவனிடம், "அதக் கொண்டுபோயி வீட்டுல போடு. இன்னிக்கு நான் நடந்துதான் போவேன்" என்றாள். வித்யா அவளோடு சேர்ந்து நடந்தாள். ஒருத்திக்கு வயிறு கனம், ஒருத்திக்குக் கால் கனம். இரண்டு பேரும் மெதுவாக மணலில் போனார்கள். தவசியும் ராமுத்தாயும் பின்னால் போனார்கள்.

நடுவில் வித்யா நின்று கேட்டாள். "எனக்காகக் கட்டுனாங்களேம்மா, வாரத்துல ரெண்டு நாள் உங்களுக்காகக் கட்டக் கூடாதா?"

"ஊரே கூலிய விட்டுட்டு நிக்கணுமே தாயி. அதுக்கு நான் ஆசப்படலாமா?" சுருளியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். "எனக்கும் ஒருநாக் கட்டுவாக. அன்னிக்கு நான் இப்படி நடந்து போக மாட்டேன். படுத்துக்கிட்டுப் போவேன்."

வித்யாவுக்கு அது விளங்கவில்லை. திரும்பி ராமுத்தாயைப் பார்த்தாள். ராமுத்தாய் குரலைத் தாழ்த்தி, "பாடை எடுக்கும்போது ஓடையக் கட்டுறது எங்க வழக்கம்மா. அதச் சொல்றாக" என்றாள். வித்யா சுருளியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டுக்கரை வரைக்கும் அதை விடவில்லை. அவளை அருள்பாண்டியின் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார வைத்த பிறகு திரும்பி, "ஐயா, அடைப்ப எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

தவசி சத்தம் கொடுத்தார். மேலே வாய்க்கால் முனையில் நின்றவர்கள் ஓலையை உருவி, மூட்டையைத் தள்ளினார்கள். முதலில் ஓடை மணல் கறுத்தது. சருகும் நுரையும் உருண்டு வந்தன. அதன் பின்னால் தண்ணீர் வந்து, தவசி போட்ட நடைபாதையை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, பழையபடி ஓடத் தொடங்கியது. வித்யா கரையில் நின்று படம் எடுத்தாள். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏதோ வாய்க்கால் மாதிரி இருக்கு. ஆழமும் தெரியல, இழுப்பும் தெரியல. ஆள் இறங்கினாத்தான் தெரியும்."

"நான் எறங்குறேன்" என்று தவசி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"உங்க கால் பழகின கால் ஐயா. நீங்க நடந்தா சுலபமாத் தெரியும்." சொல்லிக்கொண்டே அவள் செருப்பைக் கழற்றினாள். சுடிதாரை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டு, போனை அருள்பாண்டியிடம் நீட்டினாள்.

தவசி பதறிப்போனார். "வேணாந்தாயி. இதுக்காகவா விடியக் கருக்கல்ல இருந்து கல்லு தூக்குனோம்? பாலமே வேணாம், நீ எறங்காத."

"பக்கத்துல கொஞ்ச தூரந்தான் ஐயா. நீங்க ஒரு கையப் பிடிங்க, மெம்பர் அக்கா ஒரு கையப் பிடிக்கட்டும்."

ஜீப்பில் இருந்த சுருளியம்மாள் புருஷனைத் திட்டத் தொடங்கினாள். அதைக் கேட்க ஆள் இல்லை. ராமுத்தாய் பட்டுச் சேலையோடு இறங்கினாள். தவசி இறங்கி, வலதுகையால் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தார். கால் வைத்ததுமே குளிர்ந்த தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது. இரண்டாவது அடியில் ஒரு கல் உருண்டது. அவள் தவசியின் கையை இறுக்கிய வேகத்தில் வளையல் அவர் மணிக்கட்டில் பதிந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது உண்மையிலேயே பயம் வந்துவிட்டது என்று தவசிக்குத் தெரிந்தது. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளியது. அவர் தன் உடம்பைக் குறுக்கே கொடுத்து அந்த வேகத்தை மறைத்து நின்றார். மலை மேல் இருக்கிற சாமி, கீழே இருக்கிற சாமி, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"மேடம், பேடிக்காதீங்க. ஒண்ணு இவ்விடம் நோக்குங்க" என்று அருள்பாண்டி, பயப்படாமல் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி, கரையிலிருந்து கத்தினான்.

அவள் பார்க்கவில்லை. காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அப்படியே எடுத்துவிட்டான். மூன்று பேரும் திரும்பிக் கரை ஏறிய பிறகுதான் தவசிக்கு மூச்சு வந்தது. அவள் பாறையில் உட்கார்ந்து, ஈரக் காலோடு படத்தைப் பார்த்தாள். பயந்துபோன முகத்தோடு ஒரு கர்ப்பிணிப் பெண்; அவள் முழங்காலுக்கு மேல் சுழித்து ஓடும் தண்ணீர்; ஒரு பக்கம் பட்டுச் சேலை நனைந்த வார்டு மெம்பர்; இன்னொரு பக்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கும் ஒரு கிழவர். "இத விட நல்ல படம் வேண்டாம்" என்றாள். அந்தப் படம்தான் போனது. குறிப்பு எழுதும் இடத்தில், எனக்காக ஊர் மக்கள் காலையில் ஓடையைத் திருப்பி வைத்திருந்தார்கள், என் வேண்டுகோளின்பேரில் மறுபடி திறந்தார்கள், இது வெள்ளம் இல்லாத நாளில் ஓடும் தண்ணீர், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெண் ஒருவர் இதைக் கடக்க வேண்டும் என்று எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தும் காட்டினாள்.

தவசிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. துண்டை எடுத்து அவள் செருப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக் கொடுத்தார். அவள் "ஐயா, ஐயா" என்று பிடுங்கப் பார்த்தாள். அவர் கொடுக்கவில்லை. தட்டி முடித்துவிட்டுத்தான் வைத்தார்.

அந்த ஐப்பசிக்குப் பாலம் வந்துவிடும் என்று யாரும் கனவு காணவில்லை. அரசாங்க வேலைக்கு அதற்குரிய நடை உண்டு. வெள்ளம் வருவதற்கு முன்னால் ராமுத்தாய் சிலமலையில் இருக்கும் தன் தங்கை வீட்டில் ஒரு அறையைக் காலி செய்து, தவசியையும் சுருளியம்மாளையும் அங்கே குடிவைத்தாள். இரண்டு மாதம் அந்தத் தங்கை தன் வீட்டுச் சோற்றை அவர்களோடு பகிர்ந்துகொண்டாள். வாடகை என்ற வார்த்தையையே எடுக்கவிடவில்லை. தை மாதம் அனுமதி வந்தது. மாசியில் ஜேசிபி வந்தது. வேனில் முழுக்க வேலை நடந்தது. கான்கிரீட் காயாமல் தண்ணீர் ஊற்றுகிற வேலையைத் தவசி யாரையும் தொட விடவில்லை. காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினார். "போதும்யா, அது என்ன நெல்லா?" என்று மேஸ்திரி சலித்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கு யாரும் பெரிதாக வரவில்லை. ஊரார் தேங்காய் உடைத்து, முதல் வண்டியாக அருள்பாண்டியின் ஜீப்பை ஓட்டச் சொன்னார்கள். வித்யா பிரசவத்துக்குப் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், அவள் நம்பர் மட்டும் தவசியின் போனில் இருந்தது.

மறு வருடம் ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை முழுக்க மலை மேல் கொட்டித் தீர்த்தது. வெள்ளி காலையில் தவசி எழுந்தபோது ஓடையின் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பழைய பயம் வந்துவிட்டது. வாசலில் ஹாரன் சத்தமும் கேட்டது. அருள்பாண்டி ஜீப்பை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். "அக்கா, வெரசா வாங்க" என்றான். சுருளியம்மாள் தலையை வாரி, பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வந்து முன் சீட்டில் ஏறினாள்.

பாலத்துக்கு நடுவில் வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டு அப்பு" என்றாள். கீழே காரோடை செம்மண் நிறத்தில் மரத்தையும் முள்ளையும் உருட்டிக்கொண்டு போனது. நாற்பது பேர் சேர்ந்து இறங்கினாலும் கட்ட முடியாத தண்ணீர். சுருளியம்மாள் அதை எட்டிப் பார்த்தாள். பிறகு தவசியிடம், "அந்தப் புள்ளைக்குப் போனு போடுங்க" என்றாள்.

தவசி போட்டார். மறுமுனையில் குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவில் வித்யாவின் குரல் கேட்டது. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். "நல்லா இருக்கணும் தாயி, நீயும் உன் புள்ளையும்" என்று அதையே இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

"நல்லா இருக்கேம்மா. நீங்க எங்க இருக்கீங்க? பேசுறது கேக்கல, ஒரே இரைச்சலா இருக்கு."

சுருளியம்மாள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அது காரோடைத் தண்ணி தாயி. வெள்ளம் போகுது. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டு இருக்கோம்."